பயன்பாட்டுச் சான்று

மார்ச் முப்பத்தொன்றுக்குள் போய்ச் சேர வேண்டும்.
நவீனமயமாக்கல் நிதி, இரண்டாம் தவணை,
களியல் சோதனைச்சாவடி.
‘எந்த நோக்கத்திற்காக வழங்கப்பட்டதோ
அந்த நோக்கத்திற்கே முழுவதும் செலவிடப்பட்டது
எனச் சான்றளிக்கிறேன்.’
வாசகம் படிவத்திலேயே இருக்கிறது,
பார்த்துத் தட்டச்சு செய்தால் போதும்.
இன்ஸ்பெக்டர் கையெழுத்துக்குக் கீழே
சின்னதாக என் இனிஷியல்.

வந்தவை:
குண்டு துளைக்காத உடுப்பு நான்கு,
எல்லாம் ஒரே அளவு.
ஜாஸ்பின் மாட்டிக்கொண்டு ஜீப்பில் உட்கார்ந்தாள்,
கழுத்துப்பட்டை எழும்பி நாடியை முட்டியது.
“இதுக்குள்ள இன்னொரு ஆளும் நிக்கலாம் சார்.”
அப்படியே போட்டோ எடுத்தோம்.
போட்டோவும் இணைக்க வேண்டுமாம்.

சட்டையில் மாட்டும் கேமரா ஒன்று.
சார்ஜர் வரவில்லை.
கேட்டு எழுதியதற்குப் பதில் வந்தது:
கேமராவின் வரிசை எண்ணைத் தெரிவிக்கவும்.

குறை சொல்லவில்லை.
எங்கோ ஓர் அறையில் யாரோ ஒருவர்
போலீஸ்காரன் எப்படிச் சாவான் என்று
உண்மையாகவே யோசித்திருக்கிறார்.
அவருக்குத் துப்பாக்கி தோன்றியிருக்கிறது.
எங்களுக்கு வருவது பாறைக்கல் லாரி.
பாஸ் இல்லாமல், முன் விளக்கை அணைத்து,
இறக்கத்தில் நியூட்ரலில்
மூச்சுக் காட்டாமல் வரும் பதினாறு சக்கரம்.

என் முதல் பட்டியல் இன்னும் கோப்பில் கிடக்கிறது.
மழைக்கோட்டு எட்டு.
போன வருஷம்தானே கொடுத்தோம் என்றார்கள்.
கொடுத்தார்கள்.
ஆனியிலும் பெய்து ஐப்பசியிலும் பெய்கிற இடத்துக்கு
வருஷத்துக்கு ஒன்று என்பது
ஒரே ஒரு மழை பார்த்தவர் போட்ட கணக்கு.
ஒளிரும் மேலுடுப்பு ஆறு.
தலைவிளக்கு இரண்டு.
வரம்புக்குள் கொண்டுவா என்று போனில் சொன்னார்கள்.
சிவப்பு மையில் அடித்தவன் நான்.
கோடு நேராக இருக்கிறது,
ஸ்கேல் வைத்து அடித்திருக்கிறேன்.

விளக்கை வறுவேல் தந்தார்.
சாவடிக்குப் பின்னால் வீடு,
ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிறவர்,
நெற்றியில் கட்டுகிற விளக்கு.
“மூணு மணிக்கு எனக்க கையில வந்திரணும், கேட்டியளா?
வெயில் ஏறினா பால் நின்னு போவும்.”
இரவு பத்திலிருந்து மூன்று வரை
அரசாங்கம் அவர் வெளிச்சத்தில் வண்டி பார்த்தது.
ஸ்டாக் பதிவேட்டில் இதற்குக் கலம் இல்லை.
வாங்கியதற்கு உண்டு, உடைந்ததற்கு உண்டு,
காணாமல் போனதற்கும் உண்டு.

தை மாதம், அதிகாலை மூன்று இருபது.
ரெஜிகுமார் காக்கியில் நின்றிருந்தான்.
லாரிக்காரன் கண்ணுக்குக்
காக்கியும் ரோட்டோர இருட்டும் ஒன்றுதான்.
மேலே தோட்டத்தில்
மரம் விட்டு மரம் நகர்ந்துகொண்டிருந்த விளக்குகளில் ஒன்று
சத்தம் கேட்டு நின்றது,
பிறகு சரிவில் ஓடி வந்தது.

இடது தொடையில் கம்பி.
ஆசாரிபள்ளத்தில் பதினெட்டு நாள்.
இப்போது எனக்கு எதிர் மேசை,
கால் நீட்ட ஒரு ஸ்டூல்.
இந்தச் சான்றைத் தட்டச்சு செய்ததும் அவன்தான்.
‘முழுவதும்’ வந்த இடத்தில் நிறுத்தி
“சார், ‘ழு’ விழமாட்டேங்குது” என்றான்.
பழைய கீபோர்டு.
இரண்டு முறை அழுத்தினான், விழுந்தது.

கையெழுத்து ஆயிற்று, முத்திரை ஆயிற்று.
அடுத்த ஆண்டுக்கான தேவைப் பட்டியலை
இன்றே தொடங்கலாமென்று தாள் எடுத்தேன்.
வரிசை எண் ஒன்று.
பொருள்: தலைவிளக்கு.
எண்ணிக்கை: ஒன்று.
தேவைக்கான காரணம் என்ற கலத்தில்
நிறைய இடம் விட்டிருக்கிறார்கள்.
எழுதினேன்:
மூன்று மணிக்குப் பிறகு.